போச்சாது

அந்தப் பாட்டில் வருகிறவள் நான்தான்.
விட்டுப் போனவள் என்று ஊரே வைகிறதே, அவள்.
இப்போது ரேசன் கடை வரிசையில் நிற்கிறேன்.
பாமாயில் வந்திருக்கிறதாம்.
முன்னால் நிற்கிற பையனின் செல்போன் அடிக்கிறது.
முதலில் வயலின், பிறகு அந்தச் சென்னைக்காரர் குரல்:
போச்சு…
அரை மூச்சு நிறுத்தம்.
அது, பொழுதோட.
பையன் போனை எடுக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்கிறான்.

நடந்தது இவ்வளவுதான்.
அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு பனியன் கம்பெனி,
தீபாவளிக்கு ஒன்பது நாள், ஒன்றரை ஷிப்ட்.
செக்கிங் டேபிளில் நான்.
ஓவர்லாக் மிசினில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து
புதிதாக வந்தவர், பேர் இருளப்பன்.
டீத்தூக்கை நகர்த்தி வைக்கப் போய்
நாற்பத்திரண்டு வெள்ளைப் பீஸ் மேல் கவிழ்த்துவிட்டார்.
ஜெர்மனிக்குப் போகவேண்டிய சரக்கு.
நான் சொன்னேன்:
"போச்சாதுங், உடுங். பொழுதோட பாத்துக்கலாம்."

எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்.
பரவாயில்லை, சாயங்காலம் அலசிக்கொள்ளலாம்.
ஆடு செடியைக் கடித்தாலும் போச்சாது,
பங்காளி கல்யாணத்துக்குச் சொல்ல மறந்தாலும்
(ஒரு வருசம் கழித்து) போச்சாது.
அந்த மனுசனுக்கோ
போச்சு, அது பொழுதோட போச்சு
என்று கேட்டிருக்கிறது.
வேலை, வாரச் சம்பளம், எல்லாம்.
பையை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டார்.
சோப்புத்தூள் பாக்கெட்டோடு பின்னாலேயே ஓடினேன்.

முப்பத்தொன்பது வெளுத்தது. மூன்று வெளுக்கவில்லை.
அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான்
இன்றைக்கும் தூங்குகிறார்.

பாட்டு அதற்கப்புறம்.
எட்டுப் பேர் தங்கிய ரூமில், இரண்டு கட்டை செத்த கீபோர்டில்,
கைதட்டிப் பாடுகிற வேகத்தில் போட்டது.
ஆறாயிரத்துக்கு வாங்கினவர்கள் மெதுவாக்கினார்கள்.
'உடுங்' ராகத்தில் உட்காரவில்லை என்று எடுத்தார்கள்.
சொல்லை நடுவில் அறுத்து
அறுத்த இடத்தில் வயலின் வைத்தார்கள்.
அட்டைப்படத்தில் இடம் பற்றாமல்
இருளப்பன், இருள் ஆனார்.
அதுவும் சேர்ந்துகொண்டது.

ராத்திரி பதினோரு மணிக்கு எவனோ அழுதுகொண்டே கூப்பிட்டான்.
"அண்ணா, அவங்க இப்ப எங்கண்ணா இருக்காங்க?"
வடகத்துக்கு மாவு கிளறுகிற என்னைப் பார்த்தார்.
"இருக்காங்க தம்பி. நல்லாத்தான் இருக்காங்க."
ஏன் உள்ளதைச் சொல்லவில்லை என்றேன்.
"அழுகிறவன்கிட்ட அர்த்தம் சொல்லச் சொல்றியா?"

சிரித்தோம்.
போன பங்குனி வரைக்கும் சிரித்தோம்.

சொல்லாமல் சங்கிலியை அடகு வைத்து
அக்கா மகன் சீட்டுக் கம்பெனியில் போட்டேன்.
கம்பெனி பூட்டிக்கொண்டது.
சொன்னபோது சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
பாதிப் பொத்தானில் கை நின்றது.
"போச்சாது" என்றார்.
எங்கள் பேச்சு பதினோரு வருசத்தில் நன்றாகவே வந்துவிட்டது அவருக்கு.
ஆனால் 'உடு' வரவில்லை பின்னால்.
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.
டீக்கறை முதுகு.

விடிய விடிய அந்த ஒரு சொல்லைக்
கேட்டுக்கொண்டே கிடந்தேன்.
நடுவில் நிறுத்தினாரா, இல்லையா?
காலையில் "பொழுதோட வாறேன்" என்று வண்டியை எடுத்தார்.
வந்தார். அதற்கப்புறமும் தினமும் வருகிறார்.
இன்னும் கேட்கவில்லை நான்.

கடைக்காரர் டின்னைத் தலைகீழாய்த் தட்டிக் காட்டுகிறார்.
பாமாயில் தீர்ந்துவிட்டது.
வரிசை முனகிக் கலைகிறது.
என் காலிக் கேனைப் பார்த்து அந்தப் பையன்,
கண் ஓரம் இன்னும் காயாமல்,
"போச்சாது உடுங்க்கா, நாளைக்கு வாங்கிக்கலாம்"
என்று சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிறான்.

தம்பி, இரு, இப்ப என்ன சொன்னே என்று
கூப்பிட வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் போன் திரும்ப அடிக்கிறது.